'ஒன்ஸ்' என்றால் தினமும் ஒரு வேளை அல்ல

செங்கோட்டையில் மருந்தாளுநராக இருக்கும் என்னிடம் வரும் சீட்டுகளில் கணிசமானவை, ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் புனலூரிலும் கொல்லத்திலும் எழுதப்பட்டவை. சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவர் 'ஆழ்ச்சயில் ஒரிக்கல்', அதாவது வாரத்தில் ஒரு முறை, என்று மலையாளத்தில் சொல்லியிருப்பார். வீடு வந்து சேரும்போது 'ஒரு தடவை' மட்டுமே மிஞ்சியிருக்கும்.

'ஒன்ஸ்' என்னும் ஆங்கில வினையடைக்கு ஒரு முறை என்பதற்கு மேல் இங்கே பொருள் இல்லை. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதைப் பின்னால் வரும் 'டெய்லி'யோ 'வீக்லி'யோதான் சொல்லும். நாமோ மருந்தை வேளைக் கணக்கில் விழுங்கிப் பழகியவர்கள். ஒரு தடவை என்று காதில் விழுந்தால் தினமும் ஒரு வேளை என்றே எடுத்துக்கொள்கிறோம். (சீட்டில் 'ஓ.டி.' என்றால் தினம் ஒரு வேளை. கண் மருத்துவர் எழுதினால் அதுவே வலது கண்ணையும் குறிக்கும். அது தனிக் கதை.)

வாரம் ஒன்றாக நான்கு வாரத்துக்கு என்று எழுதப்பட்ட 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையை வாங்கிப்போன பாட்டி ஒருவர், ஐந்தாம் நாளே காலி அட்டையோடு வந்து நின்றார். பதறிப்போய்க் கேட்டேன். "ஏய்யா, நீதான ஒரு தடவைன்னு சொன்ன?" என்றார். கடையில் கூட்டமாக இருந்த அந்த மாலையில் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மருத்துவரிடம் அனுப்பி, இரத்தத்தில் கால்சியம் பார்த்ததில் பாதிப்பு எதுவும் இல்லை. இதே பிழை மாதக்கணக்கில் நீண்டால் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும்.

முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் இதைவிடப் பொல்லாதது. வாரம் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய அதைத் தினமும் உட்கொண்டால், எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். உடன் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் அதுவும் ஒரே மஞ்சள் நிறத்தில் வருவதுண்டு என்பதால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடவும் இடமிருக்கிறது. இம்மருந்தை உட்கொள்பவருக்கு வாய்ப்புண், தொண்டைவலி, காய்ச்சல் எது கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போதெல்லாம் நான் 'வாரம் ஒரு முறை' என்று சொல்லி நிறுத்துவதில்லை. எந்தக் கிழமை என்று கேட்டு, அதை அட்டையிலேயே எழுதுகிறேன். பாட்டி வெள்ளிக்கிழமையைச் சொன்னார், கோயிலுக்குப் போகும் நாளாம். 'வெள்ளி மட்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். மலையாளத்திலும் அது வெள்ளிதான்.