மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுப்பவர்கள் கோட்டைவிடும் நாள் கணக்கு

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பித்தப்பைக் கல் அறுவைக்காகத் தனியார் மருத்துவமனைக்குப் போன கணவர் உயிரோடு திரும்பவில்லை. அக்கா மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினார், விசாரணைக்கு இரண்டு முறை பஸ் ஏறிப் போய் வந்தார். ஒரு நாள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. யாராவது வந்தால் படித்துக் காட்டச் சொல்லலாம் என்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். அதை நான் வாங்கிப் படித்தபோது கடிதம் வந்து நான்கு மாதம் தாண்டியிருந்தது. மருத்துவர் மேல் குற்றமில்லை என்று முடித்திருந்தார்கள். மேல்முறையீட்டுக்கு இருந்த 60 நாளும் போயிருந்தது, தாமதத்தைப் பொறுத்து ஏற்க விதியில் இடம் இருக்கும் அடுத்த 60 நாளும் போயிருந்தது.

இன்னொரு குடும்பத்துக்கு இப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அலோபதி மருத்துவர்களைப் பதிவு செய்வதும் தவறு செய்தால் நடவடிக்கை எடுப்பதும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் வேலை. அலுவலகம் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. விசாரணை 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி நடக்கும். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன, அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. அதனால் புகாரில் 2002 விதிகளையே குறிப்பிடுங்கள்.

முதல் பள்ளம், கவுன்சிலில் பணம் கிடைக்கும் என்று நம்பிப் போவது. ஒரு ரூபாய்கூட வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை. மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம், அவ்வளவுதான். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே கெடு இரண்டு ஆண்டு. கவுன்சிலில் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதால் அந்தக் கெடு நிற்காது. "கவுன்சில் முடிவு வரட்டும், அப்புறம் கேஸ் போடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில்தான் பலர் இரண்டையும் இழக்கிறார்கள். நீங்கள் கட்டிய பில் 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது.

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் அரசு மருத்துவரும் அதே பதிவேட்டில் இருப்பவர்தான். அவர் மேல் கவுன்சிலில் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். "கவர்மென்ட் டாக்டர் மேல எல்லாம் இங்க வராது" என்று யார் சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள்.

அடுத்தது, புகார் யார் மேல் என்பது. கவுன்சில் மருத்துவரை விசாரிக்கும், மருத்துவமனையை விசாரிக்காது. மருத்துவமனை மேல் உள்ள குறைகளை உங்கள் மாவட்ட ஜே.டி. ஆபீஸுக்கு, அதாவது மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதுங்கள். சித்தா, ஓமியோபதி, பல் மருத்துவர்களுக்குத் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு. மருத்துவர் பெயரும் பதிவு எண்ணும் புகாரில் கட்டாயம் இருக்கட்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் போட வேண்டும் என்பது விதி. போடாவிட்டால் அதையும் ஒரு புகாராகச் சேருங்கள்.

இனி முக்கியமான விஷயம், கேஸ் ஷீட். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது நடந்து முடிந்தபின் அவர்கள் எழுதிக் கொடுக்கும் கதை. எத்தனை மணிக்கு நர்ஸ் கூப்பிட்டார், எத்தனை மணிக்கு மருத்துவர் வந்தார் என்பதெல்லாம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. கொடுக்க மறுப்பதே தனிக் குற்றம். ஆனால் நடப்பது என்ன? "இன்சூரன்ஸுக்குப் போயிருக்கு", "பெரிய டாக்டர் சைன் பண்ணணும்", "திங்கட்கிழமை வாங்க". அந்தத் திங்கட்கிழமைகளுக்குள் பக்கங்கள் மாறிவிடலாம். அதனால் வாயால் கேட்காதீர்கள். அனுமதித்த நாள் முதல் கடைசி நாள் வரை முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவம், பரிசோதனை முடிவுகள் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுதான் வைத்திருப்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்.

புகாரில் கோபத்தைக் கொட்டாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் விசாரிக்கப்போவது இன்னொரு மருத்துவர். "கொலை செய்துவிட்டார்கள்" என்ற வரியை அவர் தாண்டிப் போய்விடுவார். "இரவு 11 மணிக்கு வயிறு வீங்கியதைச் சொன்னோம், காலை 6 மணி வரை மருத்துவர் யாரும் வரவில்லை, கேஸ் ஷீட்டின் 14-ஆம் பக்கம்" என்று எழுதினால் அதற்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவர் வக்கீலோடு வர விதி இடம் தருகிறது. நீங்களும் தனியாகப் போகாதீர்கள். மருத்துவர் கொடுத்த பதிலின் நகலை விசாரணைக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. முடியவில்லையா? சும்மா காத்திருக்காதீர்கள், போன் மேல் போன் போட்டும் பயனில்லை. கவுன்சிலுக்கே தகவல் உரிமை மனு போட்டு, புகார் எந்தத் தேதியில் யாரிடம் போனது என்று கேளுங்கள். 2002 விதிகளின் 8.7-ன்படி, மாநிலக் கவுன்சில்களுக்கு மேலே உள்ள தேசிய மருத்துவ ஆணையத்துக்கு எழுதி, விரைவாக முடிக்கச் சொல்லவோ விசாரணையைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளவோ கோரலாம்.

உத்தரவு வந்ததும் கவரைத் தூக்கி எறியாதீர்கள். கையில் கிடைத்த நாளிலிருந்துதான் 60 நாள் எண்ணப்படும், அதற்குத் தபால் முத்திரைதான் சாட்சி. கவர் மேலேயே தேதி எழுதுங்கள். மேல்முறையீடு டெல்லியில் உள்ள தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்துக்குப் போக வேண்டும். முழுக் கதையையும் மறுபடி எழுத வேண்டாம். நீங்கள் கொடுத்த எந்த ஆவணத்தைக் கவுன்சில் பார்க்கவில்லை, எந்தக் கேள்விக்கு உத்தரவில் பதிலே இல்லை என்று மட்டும் காட்டுங்கள்.

இங்கேதான் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30(3) பிரிவு, மேல்முறையீடு செய்யும் உரிமை பற்றிப் பேசும்போது மருத்துவரை மட்டுமே சொல்கிறது. அதைக் காட்டி நோயாளிகளின் மனுக்களை டெல்லி திருப்பி அனுப்பியிருக்கிறது. தண்டனை பெற்ற மருத்துவர் மேலே போகலாம், பறிகொடுத்தவர் போகக்கூடாது என்றால் என்ன நியாயம்? ஆனால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்று 2002 விதிகளின் 8.8 சொல்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அந்த எண்ணை எழுதுங்கள். அப்படியும் திருப்பி அனுப்பினால், அந்தக் கடிதத்தை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

அக்காவின் கவர் குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் பில்களையும் ஸ்கேன் ஃபிலிம்களையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் அப்படியே சுருட்டி வைத்திருந்தார். அந்தப் பையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். மனு ஏற்கப்பட்ட அன்று, இரண்டு ஆண்டு முடிய 19 நாள் மிச்சம் இருந்தது.