மதுரையை விட நமக்கு வெயில் கம்மிதானா?

"மதுரையில 40 டிகிரியாம், நமக்கு 36தானே" என்று உச்சிவெயிலிலும் உப்பளத்தில் நிற்பவர்களைக் கோடைதோறும் பார்க்கிறேன். ராமநாதபுரம் கடலோரத்தில், நம்ம வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது. வியர்வை காய வேண்டும். கடற்காற்றில் ஈரம் அதிகம். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டே கிடக்கும், உள்சூடு இறங்காது. போதாக்குறைக்கு வெள்ளை உப்பு வெயிலைக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும்.

உப்பு வாரும் பெண்கள் நீர்க்கடுப்பு என்று வருவார்கள். காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க என்று கேட்டால், "குடிச்சா எங்க போறது டாக்டர்?" என்பார்கள். வெட்டவெளியில் மறைவிடம் ஏது? இவர்களிடம் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கழிப்பறையும் நிழற்பந்தலும் போட்டுக் கொடுக்க வேண்டியது அளத்துக்காரர்கள். அதுவரை விடியும்போதே இறங்கி 11 மணிக்குள் கரையேறப் பாருங்கள். சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனால் அன்றைக்கு வேலை போதும், ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடிப்பவர்கள் நிறைய. 1 லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழு 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பதநீர் நல்லதுதான், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மட்டும் ஆகாது. பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) போடுபவர்கள் கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கெண்டைக்கால் இழுத்தால், கிறுகிறுப்பு வந்தால் நிழலுக்குப் போய்ப் படுத்துக் கரைசல் குடிக்கலாம். ஆள் உளறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால் அது வெப்பத்தாக்கு. உடம்புச் சூடு 104 பாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது. நினைவு தப்பியவர் வாயில் சோடாவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108ஐக் கூப்பிட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருந்தாலும் நாட்டுப்படகுகள் போகின்றனவே, அதில் போகிற மீனவர்களுக்கும் இதேதான். கடல்தண்ணீரையே அள்ளி ஊற்றலாம். மீனுக்குக் கொண்டுபோன ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். கரை சேர்ந்து ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை ஊற்றுவதை நிறுத்த வேண்டாம்.