நெல்லையில் ஆபீஸ் வாடகைக்கு எடுக்கும் முன்: டேப்பும் கரண்ட் பில்லும்

சென்னை கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் ஆபீஸ் வாடகையைச் சதுர அடிக் கணக்கில்தான் பேசுவார்கள். நெல்லையில் பழைய கட்டடங்களுக்கு ‘மாசம் இவ்வளவு’ என்று மொத்தமாகப் பேசுவது வழக்கம். புது வணிக வளாகங்களில் சதுர அடிக் கணக்கும் சொல்கிறார்கள். பணம் வீணாவது இங்கேதான். சொல்லும் பரப்பு பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப், அதாவது மாடிப்படி, லிஃப்ட், வராந்தா, பொதுக் கழிப்பறை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்தது. 1,000 சதுர அடி, அடிக்கு 30 ரூபாய், மாதம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். உள்சுவருக்கு உள்சுவர் டேப் பிடித்தால் 700தான் வருகிறது என்றால், நீங்கள் கொடுப்பது அடிக்கு ஏறக்குறைய 43 ரூபாய். உள்ளளவுக்கு மட்டும் 38 ரூபாய் கேட்கும் பக்கத்துக் கட்டடம் இதைவிட மலிவு. பராமரிப்புக் கட்டணத்தையும் ஜெனரேட்டர் செலவையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். அளக்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

பெருமாள்புரம், தியாகராஜ நகர் பக்கம் வீட்டையே ஆபீஸாக எடுப்பவர்கள் முதலில் கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டண வகை 1-ஏ என்றிருந்தால் அது வீட்டு இணைப்பு. அதில் ஆபீஸ் நடத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் மாட்டும். உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். எப்போதிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்குப் போடுவார்கள். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் அந்தத் தொகை உங்கள் அட்வான்ஸில்தான் கழியும். வணிக இணைப்பாக மாற்றித் தந்த பிறகே சாவி வாங்குங்கள்.

ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்றால் தரைத்தளம் எடுக்கும் முன் யோசியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் இங்கெல்லாம் புகுந்தது. புது பெயின்ட் தண்ணீர்த் தடத்தை மறைத்துவிடும். எதிர்க் கடைக்காரரிடம் எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்கள். மீட்டர் போர்டும் யுபிஎஸ் பேட்டரியும் அதற்கு மேலே இருக்க வேண்டும்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் கடை, ஆபீஸ்களுக்கும் பொருந்தும். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் என்று பலர் நம்புகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைதான் அது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பிறகு வாதாட முடியாது. பார்ட்டிஷன், ஏசி, ஃபால்ஸ் சீலிங் என்று லட்சக்கணக்கில் போடுபவர்களுக்கு 11 மாத ஒப்பந்தம் ஆபத்து. மூன்று வருடத்துக்கு எழுதிப் பத்திரப் பதிவு செய்யுங்கள். ஆண்டு வாடகை உயர்வு எத்தனை சதவீதம், காலி செய்யும்போது ஏசி யாருக்கு என்பதும் அதில் இருக்கட்டும்.

இன்னொன்று ஜிஎஸ்டி. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், கட்டட உரிமையாளர் பெறாதவர் என்றால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கு 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்றுமுதலில் குறைந்த சதவீதம் வரி கட்டும் முறை) இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு 30,000 வாடகைக்கு வரி 5,400 ரூபாய். உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்கலாம் என்றாலும் முதலில் ரொக்கமாகக் கட்டியாக வேண்டும்; வரிவிலக்குள்ள சேவை மட்டும் செய்பவர்களுக்கு அது திரும்பாத செலவு.