கெட்டித் தரையில் எலும்பு, மெத்தையில் நரம்பு

ஆய்வகத்தில் குட்டிக் குடல் வளர்க்கிறவர்களின் முக்கியமான பொருள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எலிக்கு வரும் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து. அந்தக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கும் பசையை மேட்ரிஜெல் என்ற பெயரில் விற்கிறார்கள். ஐஸில் வைத்தால் தண்ணீராக ஓடும், உடம்புச் சூட்டுக்கு வந்ததும் உறைந்துவிடும். நெய்க்கு நேர் எதிர்.

2009-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ என்பவர் எலிக் குடலிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, அதாவது தானும் பெருகி வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல்களை, இந்தப் பசையில் புதைத்து, வளர்ச்சிக்குத் தேவையான சில புரதங்களையும் ஊற்றி வைத்தார். ஒரே ஒரு செல்லிலிருந்துகூட நடுவே வெற்றிடமுள்ள ஒரு உருண்டை முளைத்தது. அதன் சுவரில் நிஜக் குடலில் இருப்பதுபோலவே குழிகள், குழிகளின் அடியில் புதிய ஸ்டெம் செல்கள். இப்படி வளரும் குட்டி உறுப்புகளைத்தான் ஆர்கனாய்டு என்கிறார்கள். அப்புறம் கல்லீரல், வயிறு, கணையம் என்று வரிசையாக வந்தன.

சரி, அந்தப் பசையில் அப்படி என்னதான் இருக்கிறது? லாமினின், கொலாஜன் ஆகியவை அதிகம். அவற்றோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேறு புரதங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு தடவை வாங்கிய குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் கலவை மாறும். கடையில் வாங்கிய மசாலாப் பொடியை வைத்துக் குழம்பு பிரமாதமாக வந்துவிட்டது, எதனால் வந்தது என்று மட்டும் சமைத்தவருக்கே தெரியவில்லை என்ற கதைதான். எலியின் புற்றிலிருந்து வந்த பொருளோடு வளர்த்த திசுவை மனித உடம்பில் வைக்கவும் யாரும் துணியமாட்டார்கள். அதனால்தான் என்ன சேர்த்தோம் என்று முழுக்கத் தெரிந்த ஒரு பசையை நாமே செய்யலாமே என்ற முயற்சி தொடங்கியது.

அந்த முயற்சிக்கு அடிப்படையான ஒரு விஷயம் 2006-இலேயே தெரிந்திருந்தது. செல்கள் தாங்கள் உட்கார்ந்திருக்கும் தரை கெட்டியா மெத்தா என்று தொட்டுப் பார்க்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வெவ்வேறு அளவு கெட்டியுள்ள ஜெல்களின் மேல் வைத்தார்கள். ஊற்றிய ஊட்டத் திரவம் ஒன்றுதான், மாறியது தரை மட்டும். கெட்டியைக் கிலோபாஸ்கல் என்ற அலகால் அளக்கிறார்கள். மூளைத் திசு போல மிக மென்மையான ஜெல்லில், அதாவது 1 கிலோபாஸ்கலும் அதற்குக் கீழும், செல்கள் நரம்புச் செல் போலக் கிளை விட்டன. தசையின் கெட்டியில், 10 கிலோபாஸ்கல் வாக்கில், தசைச் செல்லின் நீள வடிவத்துக்குப் போயின. 25 முதல் 40 வரை ஏற்றியபோது எலும்பு உருவாக்கும் செல்லின் புரதங்கள் தலைகாட்டின. நரம்புச் செல்லே கிடைத்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கிடைத்தது அதன் சாயல்தான். ஆனால் மருந்து எதையும் மாற்றாமல் தரையை மட்டும் மாற்றி இவ்வளவு தூரம் வரலாம் என்பது அன்று பலரைத் திகைக்க வைத்தது. செல் வளர்க்கும் சாதாரண பிளாஸ்டிக் தட்டின் கெட்டியோ சுமார் 30 லட்சம் கிலோபாஸ்கல். உடம்பில் எந்த மென்திசுவும் பார்த்திராத பாறை அது. பல பத்தாண்டுகளாகச் செல்களை அதன்மேல்தான் வளர்த்துவந்தோம்.

கண்ணும் விரலும் இல்லாத செல்லுக்குக் கெட்டி எப்படித் தெரிகிறது? இழுத்துப் பார்க்கிறது. செல்லின் மேல்தோலில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் கொக்கிபோல நீட்டிக்கொண்டிருக்கும். வெளிப்பக்கம் அவை தரையைப் பிடிக்கும், உள்பக்கம் ஆக்டின் என்ற இழைகளோடு சேர்ந்திருக்கும். நம் தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதத்தின் உறவுக்காரர்கள் அந்த இழைகளை உள்ளே இழுக்கிறார்கள். தரை கெட்டியாக இருந்தால் இழுவைக்கு எதிர்ப்பு கிடைக்கும், இழை விறைக்கும், மேலும் கொக்கிகள் வந்து அதே இடத்தில் கூடும். தரை மெத்தென்று கூடவே வந்துவிட்டால் விறைப்பு ஏறாது. கிணற்றுக் கயிற்றை இழுக்கும்போது வாளி நிரம்பியிருக்கிறதா காலியா என்று எட்டிப் பார்க்காமலே கைக்குத் தெரிகிறதல்லவா, அது மாதிரி.

விறைப்பு உட்கருவரை போய்ச் சேர வேண்டும். அதற்கொரு தூதுவன் உண்டு என்பதை 2011-இல் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபானோ பிக்கோலோவின் குழு காட்டியது. யாப் என்ற புரதம்தான் அது. மெத்தையில் உட்கார்ந்த செல்லில் யாப் உட்கருவுக்கு வெளியே சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கெட்டித் தரையில் உட்கருவுக்குள் நுழைந்து சில மரபணுக்களை எழுப்பும்.

இனி பசைக்கு வருவோம். செயற்கைப் பசைக்கு அதிகம் பயன்படுவது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பெக். மலச்சிக்கலுக்கும், பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு முன் வயிற்றைக் கழுவவும் கொடுக்கும் பொடி அதே வகைதான். இதன் பெருமையே செல்கள் இதைச் சட்டை செய்வதில்லை என்பது. ஒட்டாது, பேசாது. அதனால் எதைச் சொல்ல வேண்டுமோ அதை மட்டும் நாம் எழுதலாம். செல் பிடித்துக்கொள்ள, அர்ஜினைன், கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்களின் சிறு துண்டைத் தொங்கவிடுகிறார்கள். செல்கள் ஒட்டிக்கொள்ளத் தேடும் பிடி இதுதான் என்று 1984-இல் எர்க்கி ருவோஸ்லாட்டியும் மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் கண்டுபிடித்தார்கள். பெக் இழைகளை எவ்வளவு நெருக்கமாகப் பின்னுகிறோமோ அவ்வளவு கெட்டி. செல்லே வெட்டி வழி உண்டாக்கிக்கொள்ளும்படி, அதன் நொதிகளுக்குப் பிடித்த முடிச்சுகளையும் இடையில் போடலாம்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மத்தியாஸ் லுட்டோல்ஃபின் குழு 2016-இல் இப்படிச் செய்த பசையில் குடல் ஸ்டெம் செல்களை வைத்தது. விடை கொஞ்சம் விசித்திரம். செல்கள் பெருக வேண்டுமென்றால் பசை கெட்டியாக, 1.3 கிலோபாஸ்கல் வாக்கில் இருக்க வேண்டும். பெருகியவை குடலாக உருவெடுக்க வேண்டுமென்றால் அதே கெட்டி ஆகாது. 0.2 கிலோபாஸ்கல் அளவுக்கு இளகிய பசையும் லாமினினும் வேண்டும். எந்த ஒரு பசையும் இரண்டு வேலைக்கும் பொருந்தவில்லை. ஆகவே தண்ணீர் பட்டுப் பட்டுத் தானே அறுந்துபோகும் இணைப்புகளை வைத்து, நாளாக ஆக இளகும் பசையைச் செய்தார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உண்மையான திருப்பம் இதுதான். அதுவரை எல்லாரும் சரியான கெட்டி எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எப்போது இளக வேண்டும் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்திருக்கிறது.

கெட்டி என்பதிலும் இரண்டு தினுசு உண்டு. ரப்பர் பந்தை அழுத்தினால் கையை எடுத்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். பரோட்டா மாவை அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உடம்பின் பல திசுக்கள் மாவின் பக்கம் சாய்ந்தவை. ஹார்வர்டில் டேவிட் மூனியும் ஓவிஜித் சவுத்ரியும் அல்ஜினேட் ஜெல்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கெட்டி ஒன்றாகவே இருந்தாலும், விரைவில் விட்டுக்கொடுக்கும் ஜெல்லில்தான் ஸ்டெம் செல்கள் நன்றாக எலும்புப் பக்கம் திரும்பின. அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கி அறுத்துவரும் கட்டக்கோரைப் பாசியும் அந்த இனம்தான்.

செல்லுக்கு ஞாபகமும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஆன்செத்தின் குழு 2014-இல் இதைப் பார்த்தது. பிளாஸ்டிக் தட்டில் நெடுநாள் கிடந்த செல்லை மெத்தையில் விட்டாலும் யாப் உட்கருவை விட்டு வெளியே வர மறுத்தது. எவ்வளவு நேர்த்தியான பசை செய்தாலும், அதற்கு முன் செல் எங்கே கிடந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கெட்டியும் நேரமும் போக, வடிவம் இன்னொன்று. ஆர்கனாய்டு வாயில்லாத உருண்டை. குடல் சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன் செல்களைப் புதுப்பிக்கும் இயல்புடையது, உதிர்ந்த செல்களுக்கு உருண்டைக்குள் போக இடமில்லை. அதனால் அடிக்கடி உடைத்து மறுபடி நட வேண்டும். 2020-இல் லுட்டோல்ஃபின் குழு ஒரு சின்னச் சில்லில் ஜெல்லை ஊற்றி, லேசரால் அதில் குழாயும் குழாயின் சுவரில் குழிகளும் செதுக்கியது. உள்ளே விட்ட ஸ்டெம் செல்கள் சுவரில் படர்ந்தன. ஸ்டெம் செல்கள் குழிகளின் அடியில் தங்கின, உணவை உறிஞ்சும் செல்கள் குழிகளுக்கு இடையே மேட்டில் அமர்ந்தன, யாரும் இடம் ஒதுக்கவில்லை. இரு முனையும் திறந்த குழாய் என்பதால் திரவம் ஓடி உதிர்ந்தவற்றை அடித்துக்கொண்டு போனது. அந்தக் குட்டிக் குடல் உடைக்காமலே வாரக்கணக்கில் உயிரோடிருந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக்கூட அதில் குடியேற்றிப் பார்த்தார்கள்.

அந்த லேசர் செதுக்கிய ஜெல் பெரும்பாலும் கொலாஜன். மீதி கொஞ்சம், வேறென்ன, மேட்ரிஜெல்தான்.