புஷ் கேம்பிங்: புதர் முகாம் அல்ல, காட்டுத் தாவளம்

‘புஷ் கேம்பிங்’ என்ற ஆஸ்திரேலியத் தொடரை அகராதி வைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘புதர் முகாம்’ என்று வரும். அந்த நாட்டு மலைகளில், ஆற்றோரமாக, வசதிகளும் காவலாளும் இல்லாத ஓரிடத்தில் கூடாரம் அடித்து இரவைக் கழிப்பதுதான் புஷ் கேம்பிங். அங்கே புதருக்குள் யாரும் படுப்பதில்லை. முகாம் என்று சொல்லும் அளவுக்குக் கூட்டமும் இருப்பதில்லை. இரண்டு சொல்லும் தவறிவிட்டன.

முதலில் ‘புஷ்’. இங்கிலாந்தின் ஆங்கிலத்தில் இது செடிப்புதர்தான். ஆஸ்திரேலியாவில் பொருள் விரிந்தது. டச்சு மொழியில் காட்டைக் குறிக்கும் ‘போஸ்’ என்ற சொல், தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றம் வழியாக ஆங்கிலேயர் வாயில் புகுந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிட்னிப் பக்கம் வேரூன்றியது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அங்கே புஷ் என்றால் யூகலிப்டஸ் காடும் அதுதான், ஊர் எல்லையைத் தாண்டிய நாட்டுப்புறமும் அதுதான். காட்டில் மறைந்து வழிப்பறி செய்தவர்கள் ‘புஷ்ரேஞ்சர்’, காட்டுத்தீ ‘புஷ்ஃபயர்’, காட்டுநடை ‘புஷ்வாக்கிங்’. கடைசிச் சொல்லைப் பெயரிலேயே கொண்ட ‘சிட்னி புஷ் வாக்கர்ஸ்’ சங்கம் 1927இல் தொடங்கியது.

இந்த விரிந்த பொருளுக்கு நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: காடு. மரம் அடர்ந்த வனமும் காடு, மானாவாரிப் புன்செய் நிலமும் காடு. ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்றால் விறகு பொறுக்கவும் இருக்கலாம், களை எடுக்கவும் இருக்கலாம். ஊருக்கு வெளியே என்பதுதான் அதன் அடிநாதம். ஆஸ்திரேலியரின் புஷ்ஷும் அப்படியே. ‘வனம்’ என்று மாற்றினால் இந்த நெகிழ்வு போய்விடும்.

‘கேம்ப்’ லத்தீனின் ‘காம்புஸ்’ என்பதிலிருந்து வந்தது. பொருள், சமவெளி. பழைய ரோமில் படை பயின்ற திடலின் பெயர் ‘காம்புஸ் மார்டியுஸ்’. படை இறங்கும் வெளி, பிறகு படை தங்கும் இடம், கடைசியில் யார் வெளியில் தங்கினாலும் கேம்ப் என்று ஆயிற்று. கல்லூரி வளாகத்தின் ‘கேம்பஸ்’, வெற்றி வீரனின் ‘சாம்பியன்’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. மலையில் தங்குகிறவர் தேடுவது இன்றும் அந்தச் சமதளத்தைத்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மலைநாட்டில் ஆற்றோரச் சமதளங்களுக்கு ‘ஃப்ளாட்’ என்றே பெயர். ஹௌக்குவா ஆற்றங்கரையிலுள்ள ‘ஷீப்யார்ட் ஃப்ளாட்’ அப்படிப் பெயர் பெற்ற தங்குமிடம். தமிழில் இதைப் படுகை எனலாம்.

‘ஃப்ரீ கேம்பிங்’ என்பதையும் புஷ் கேம்பிங்கையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்னது காசைப் பற்றியது, பின்னது இடத்தின் தன்மையைப் பற்றியது. நெடுஞ்சாலை ஓர ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி இலவசமாகத் தூங்கலாம். அது காடு ஆகாது. கட்டணம் வாங்கும் தேசியப் பூங்காவிலும், குழாயோ கழிப்பறையோ இல்லாத காட்டுத் தங்கல் உண்டு. மற்ற நாடுகளில் பெயர் வேறு. பிரிட்டனில் ‘வைல்ட் கேம்பிங்’, நியூசிலாந்தில் ‘ஃப்ரீடம் கேம்பிங்’. பின்னதற்கு 2011இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். அமெரிக்கரின் ‘பூண்டாக்கிங்’ பிலிப்பைன்சின் தகாலோக் மொழியில் மலையைக் குறிக்கும் ‘புண்டோக்’ என்பதிலிருந்து, அங்கே போன படைவீரர்கள் வழியாக வந்தது. அமெரிக்க ஆங்கிலத்துக்குள் ஓர் ஆசிய மலை!

இனித் தமிழ். ‘முகாம்’ அரபு மூலத்திலிருந்து வந்து, இன்று கண் சிகிச்சை முகாம், அகதி முகாம் என்று பலரைத் திரட்டும் இடமாக நிலைத்துவிட்டது. ‘டேரா’ இந்தியிலிருந்து வந்தது. டேரா போட்டுவிட்டான் என்றால் எழுந்து போக மாட்டேன் என்கிறான் என்று பொருள். ‘பாசறை’ அழகான சொல், ஆனால் அரசியல் கட்சிகள் எடுத்துக்கொண்டன.

பழைய சொல் ‘பாடி’. முல்லைப்பாட்டில் ஒரு காட்சி வருகிறது. ‘கான்யாறு தழீஇய அகல்நெடும் புறவில்’, அதாவது காட்டாறு தழுவி ஓடும் அகன்ற முல்லை நிலத்தில், ‘பைம்புதல் எருக்கி’, பசும்புதர்களை வெட்டி அழித்து, முள்வேலி வளைத்து, கடல்போலப் பரந்த பாடி அமைக்கிறது மன்னனின் படை. காடு, ஆறு, புதர், தங்கல் எல்லாம் ஒரே இடத்தில்! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். ஆனால் பாடி ஆயிரம் பேர் இறங்கும் படைவீடு. அங்கே புதரை வெட்டினார்கள். இன்றைய காட்டுத் தங்கலில் ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது. ஆகவே அந்தப் பெயர் பொருந்தாது.

நான் முன்வைப்பது ‘தாவளம்’. தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். பொருள், தங்குமிடம், வழிப்போக்கர் இறங்கி இளைப்பாறும் இடம். படையின் வாடையும் இல்லை, கட்சியின் வாடையும் இல்லை. கேரளத்தின் அட்டப்பாடியில், பவானி ஆற்றங்கரையில் தாவளம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. புஷ் கேம்பிங்கைக் ‘காட்டுத் தாவளம்’ என்றும், வினையாகத் ‘தாவளமிடுதல்’ என்றும் எழுதலாம். கட்டணம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘கட்டணமில்லாக் காட்டுத் தாவளம்’. ‘இலவச’ என்பதை நான் தவிர்ப்பேன். யாரோ கொடுத்த பொருள்போல ஒலிக்கிறது. அந்தக் கரையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை.

எழுதிப் பார்த்தால்தான் சொல் பொருந்துகிறதா என்று தெரியும். விக்டோரியாவின் அரசுக் காடுகளுக்கான விதிகளை இப்படிச் சொல்லலாம்: ‘தாவளம் ஆற்று நீரிலிருந்து 20 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். கட்டிய அடுப்பு இல்லையென்றால் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி அதில் தீ மூட்ட வேண்டும். தீயைச் சுற்றி 3 மீட்டருக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் தீயே கூடாது.’ இத்துடன் ஒன்றை நானே சேர்ப்பேன்: ‘பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் தாவளமிடாதே.’ காற்றில்லாத நாளிலும் திடீரென முறிந்து விழும் அதன் கிளைக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பெயர் ‘விடோ மேக்கர்’, தாலியறுப்பான். இந்தச் சொல்லுக்கு நான் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.