சாலையோரம் விட்டுப்போன கார் யாருடையது?

நாலுவழிச் சாலையில் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் அந்தக் காரைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். டயரில் காற்று இறங்கியிருக்கும். தூசி படிந்த கண்ணாடியில் யாரோ விரலால் பெயர் எழுதியிருப்பார்கள். தீபாவளிக்குப் போனபோதும் அங்கேதான் நின்றது, பொங்கலுக்கும் அங்கேயே நிற்கிறது. திருட்டு வண்டியா, விபத்து வண்டியா என்று நம் காருக்குள் ஒரு பேச்சு ஓடும். அதற்குள் டோல்கேட் வந்துவிடும்.

திருடி ஓட்டிவிட்டுப் போட்டுப்போன வண்டிகளும் உண்டுதான். ஆனால் திருடனைத் தேடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாலு வருஷம் ஓடிய கார் நடுவழியில் இன்ஜின் பிடித்து நின்றுவிடுகிறது. மெக்கானிக் சொல்லும் தொகை, வண்டியை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். பட்டறைவரை இழுத்துப்போக வேறு தனிச் செலவு. சரி, எப்படியோ சரிசெய்தாலும் 15 வருஷம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதையே 10,000 ஆக்கினார்கள். இவ்வளவும் கட்டினால் கிடைப்பது இன்னும் ஐந்து வருஷம். அதனால் உரிமையாளர் 'நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்' என்று பஸ் ஏறுகிறார். அந்த நாளை வருவதே இல்லை.

விபத்து வண்டியின் கதை கொஞ்சம் வேறு. பழைய காருக்குப் பலர் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போடுகிறார்கள். அதில் எதிராளிக்கு ஏற்பட்ட சேதத்துக்குத்தான் பணம் வரும், நம் வண்டிக்குப் பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால், மீட்கவும் பழுதுபார்க்கவும் ஆகும் செலவு பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டும்போது முழு நஷ்டமாகக் கணக்கிட்டுப் பணம் தருவார்கள். இல்லாதவர் கையில் மிஞ்சுவது நசுங்கிய இரும்பு மட்டும்.

இப்படி நிற்கும் வண்டியைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 127. பொது இடத்தில் ஒரு வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்றுக் கிடந்தால், அந்த எல்லைக்குரிய, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி அதை இழுத்துப்போக உத்தரவிடலாம். உடைந்தோ எரிந்தோ பாதி கழற்றப்பட்டோ போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் பத்து மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே அகற்றச் சொல்லலாம். இழுவைச் செலவு உரிமையாளர் தலையில். வழியை மறித்ததற்குப் பிரிவு 201-இல் 500 ரூபாய்வரை அபராதம் தனி.

இதில் 'உத்தரவிடலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உத்தரவிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இழுத்துப்போனால் எங்கே நிறுத்துவது? காவல் நிலைய வளாகங்கள் ஏற்கெனவே வழக்கில் சிக்கிய வண்டிகளால் நிறைந்து, செடி முளைத்துக் கிடக்கின்றன. அவற்றை அப்படிக் கிடத்தி வைக்காமல், படம் எடுத்துக்கொண்டு பிணைப் பத்திரத்தின்பேரில் உரியவரிடம் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. இருந்தும் இடநெருக்கடி தீர்ந்தபாடில்லை. சாலையோர கார் மாதக்கணக்கில் நகராததற்கு என் கணிப்பில் இதுவே பெரிய காரணம்.

வண்டியை விட்டுப்போனால் நம் பொறுப்பும் போய்விட்டது என்று நினைப்பதுதான் வினை. ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் யார் பெயரோ, சட்டத்தின் கண்ணில் அவர்தான் உரிமையாளர். நம்பர் பிளேட்டைக் கழற்றிவிட்டு நழுவுகிறவர்கள் உண்டு. வண்டியின் அடிச்சட்டகமான சேசிஸில் அடித்திருக்கும் எண் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் காரை விற்றுவிட்டு, பெயர் மாறியதா என்று பார்க்காமல் இருப்பவர்களுக்குத்தான் அதிக ஆபத்து. ஒருவர் 2007-இல் விற்று, பிறகு பல கை மாறிய கார் 2009-இல் விபத்தில் சிக்கியது. நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளுக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே விற்ற 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் கொடுத்தால் படிவம் 29சி. 2023 ஏப்ரல் முதல் இந்த முறையில் வண்டி விலைபோகும்வரை வியாபாரிதான் உரிமையாளராகக் கருதப்படுவார்.

அப்பா பெயரில் இருந்த கார் என்றால், அவர் காலமான 30 நாளுக்குள் வாரிசு தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம்வரை அவர் பெயரிலேயே ஓட்டலாம், அதற்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு முடியாமல் துருப்பிடிக்கும் கார்கள் தெருவுக்கு ஒன்றாவது தேறும்.

நின்றுபோன வண்டி யாரை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 1987-இல் மகாராஷ்டிரத்தில் தேசிய நெடுஞ்சாலை 4-இல் லாரியோடு மோதிய பெட்ரோல் டேங்கர் ஒன்று சாலையோரம் சரிந்து கிடந்தது. கசிந்த பெட்ரோலைப் பிடிக்க ஊர்க்காரர்கள் கூடினார்கள். ஏறத்தாழ நாலு மணி நேரம் கழித்து அது வெடித்துப் பலர் இறந்தார்கள். ஓடாத வண்டிக்கு நஷ்டஈடா என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பழுதாகியோ விபத்தாகியோ அசையாமல் கிடப்பதும் வண்டியின் 'பயன்பாடு'தான் என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. இரவில் விளக்கில்லாமல் நிற்கும் உங்கள் காரில் ஒரு பைக் வந்து மோதினால், அந்த விபத்து உங்கள் வாசலுக்கும் வரும்.

சரி, ஓட்டவே முடியாத காரை முறைப்படி எப்படிக் கைகழுவுவது? பிரிவு 55-இன்படி, இனி ஓடவே ஓடாது என்று ஆன வண்டியை 14 நாளுக்குள், முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். காயலான் கடையில் எடை போட்டு விற்றால் கையில் காசு வரும், ஆனால் ஆர்.சி. தானாக ரத்தாகாது. அதற்காகத்தான் 2021-இல் வாகன உடைப்பு நிலையங்களுக்கான விதிகள் வந்தன. பதிவு பெற்ற நிலையத்தில் ஒப்படைத்தால், திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் வங்கியிடம் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கிவிடுங்கள். இரும்புக்கான விலையோடு, வண்டியை ஒப்படைத்ததற்கான வைப்புச் சான்றிதழ் ஒன்றும் தருவார்கள். சொந்த உபயோகத்துக்குப் புதுக் கார் வாங்கும்போது அதைக் காட்டினால் சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. எவ்வளவு என்பது மாநிலத்தின் கையில். புதுக் கார் வாங்கப் போவதில்லையா? அந்தச் சான்றிதழை இணையவழியே இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம்.

அப்புறம், தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்ற அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள், முக்கோணப் பலகையைத் தள்ளி வையுங்கள், ஆட்களைச் சாலையை விட்டு இறக்குங்கள். பிறகு 1033-க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மற்றவர் விட்டுப்போன காரைப் பார்த்தாலும் கிலோமீட்டர் கல்லைக் குறித்துக்கொண்டு அதே எண்ணில் சொல்லலாம்.