அடிக்டிவ் கேம்: ‘அடிமையாக்கும்’ இல்ல, ‘ஈர்ப்புள்ள’

தமிழ்ல கேம் ரிவ்யூன்னாலே ‘உங்களை அடிமையாக்கும் விளையாட்டு’ன்னு ஒரு வரி வந்துடுது. அதையும் பாராட்டா எழுதுறாங்க, அதான் கொடுமை.

இங்கிலீஷ்ல ‘அடிக்டிவ்’னு சொல்றதைத்தான் இப்படி மொழிபெயர்க்குறாங்க. அந்த அடிக்டிவ்ங்கிறதுக்கு மூலம் லத்தீன். ரோமச் சட்டத்துல கடனைக் கட்ட முடியாதவனை நீதிபதி கடன் குடுத்தவன் கையில ஒப்படைச்சா அவனுக்குப் பேரு அடிக்டஸ். ‘அப்போ அடிமைங்கிறது சரியான மொழிபெயர்ப்புதானே’ன்னு கேக்குறாங்க. மூலத்துக்குச் சரி, பேசுற விஷயத்துக்குச் சரியில்ல. தமிழ்ல அடிமைன்னா ஆளை எழுதி வாங்குறது. திருவெண்ணெய்நல்லூர்ல கிழவரா வந்த சிவன், ‘நீ எனக்கு அடிமை’ன்னு சுந்தரர்கிட்ட ஓலையைக் காட்டித்தானே வழக்காடுறாரு? உடையவன் ஒருத்தன் இருக்கான், விட்டுப் போக வழியில்ல, அதான் அந்தச் சொல்லோட கனம்.

இப்போ 2017-ல நிண்டெண்டோ கம்பெனி விட்ட ‘ஜெல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்’ங்கிற வீடியோ கேமை எடுத்துக்குங்க. குகையை விட்டு வெளிய வந்ததும் மொத்த நாடும் கண்ணு முன்னாடி விரியும். எதிர்ல முக்கோணமா ஒரு மலை, ஏறியும் போகலாம் சுத்தியும் போகலாம், சுத்திப் போனா பின்னாடி மறைஞ்சிருந்த கோபுரம் கொஞ்சங்கொஞ்சமா தலை காட்டும், சரி அங்க போவோம்னு நடந்தா வழியில ஒரு உச்சியில ஒத்தைக் கல்லு கிடக்கும், தூக்கினா கொரோக்ங்கிற குட்டி வனப்பூதம் ஒண்ணு குதிச்சு வந்து விதை குடுக்கும், அந்த மாதிரி 900 விதை. இதுல யாரு யாருக்கு அடிமை? நம்ம கண்ணு போற பக்கம் நம்ம காலு போகுது, அவ்வளவுதான். அதே வருஷம் ஜப்பான்ல கேம் உருவாக்குறவங்க கூடுற செடெக் மாநாட்டுல நிண்டெண்டோக்காரங்க இந்த முக்கோணக் கணக்கை விளக்கினப்போ, ஆளை இழுக்கிற இந்தக் குணத்துக்கு அவங்க சொன்ன சொல்லு ‘இன்ரியோகு’, அதாவது ஈர்ப்புவிசை.

நம்மகிட்ட ‘ஈர்’ ரெடியாவே இருக்கு. ஈர்னா இழு. ஸ்கூல் புக்குல புவிஈர்ப்புன்னு படிச்ச பிள்ளைக்கு விளக்கமே வேணாம். ஆனா ‘ஈர்ப்பு சப்புன்னு இருக்கு, அடிமைன்னாதான் பஞ்ச்’னு சொல்றாங்க. பஞ்சுக்காக அர்த்தத்தையா விடுறது? ஒருநாள் லாகின் பண்ணலைன்னா பரிசு போச்சுன்னு பயமுறுத்துற கேம், உள்ள என்ன இருக்குன்னே சொல்லாம காசு வாங்கிட்டுப் பெட்டி திறக்க வைக்கிற கேம், அதுக்கெல்லாம் ‘அடிமையாக்கும்’னு தாராளமா போடுங்க, அங்க அந்தச் சொல்லு வேணும். உலக சுகாதார நிறுவனமே ஐசிடி-11ங்கிற தன்னோட நோய்ப் பட்டியல்ல கேமிங் கோளாறுன்னு சேர்க்கும்போது, கட்டுப்பாடு போய், மத்த வேலையெல்லாம் பின்னாடி போய், பொதுவா 12 மாசமாவது நீடிச்சிருக்கணும்னு அளந்துதான் வெச்சிருக்கு. நாம மட்டும் மலையைப் பார்த்து ஏறினவனையும் அந்தக் கணக்குல சேர்த்துடுறோம், அப்புறம் நிஜமாவே மாட்டிக்கிட்டவனைப் பத்திச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்போம்?

அகராதியில முதல்ல இருக்கிற அர்த்தத்தைத் தூக்கி ஒட்டுறதுதான் இப்போ மொழிபெயர்ப்புன்னு ஆகிப்போச்சு. ‘இழுக்குது’, ‘விட மனசு வரல’ன்னு வாயால அழகா சொல்றவங்கதான் எழுத உக்காந்ததும் ‘அடிமைப்படுத்தும் தன்மை கொண்டது’ன்னு எழுதுறாங்க. பேசுறதையே எழுதுங்க: ஈர்ப்புள்ள கேம், விட மனசு வராத கேம்.